கப்பலுக்கு ஒரு வருடம் முன்பே: மலையகக் குடும்பங்களுக்கான பயண வழிகாட்டி

ஹட்டனிலிருந்து போய் சிங்கப்பூரில் கப்பல் ஏற எங்களுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. கப்பலில் இருந்தது நான்கே இரவு. மிச்சமெல்லாம் ஆயத்தம். திரும்பி வந்ததிலிருந்து பாடசாலையிலும் கோயிலிலும் வேனிலும் யாராவது ஒருவர், “டீச்சர், அது எப்படி புக் பண்றது, நாங்களும் புள்ளைகள கூட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகலாம். கொழும்பில் இருப்பவர்கள் ஆறு மாதத்தில் முடித்துக்கொள்வதற்கு நமக்கு ஒரு வருடம் வேண்டும். பத்திரங்கள் சரியாகவேண்டும், பணம் சேரவேண்டும், மலையை விட்டு இறங்கவேண்டும்.

நாங்கள் பதினொரு பேர். அம்மா, என் குடும்பத்தில் நான்கு பேர், கொழும்பிலுள்ள தம்பி குடும்பத்தில் நான்கு பேர், அப்புறம் தமிழ்நாட்டுக் கோத்தகிரியிலிருந்து வந்த சித்தியும் அவர் மகளும். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் வீட்டையும் இரண்டாக்கியது. எழுபதுகளில் சித்தி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனார், அம்மா இங்கேயே இருந்துவிட்டார். இரண்டு பேரும் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள், இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. அங்கே போனாலும் மலை, இங்கே வந்தாலும் மலை. படுக்கை, சாப்பாடு, லிஃப்ட் எல்லாம் ஒரே இடத்தில் இருந்து, யாரும் அடுப்படிக்குப் போகாமல், அக்காவும் தங்கச்சியும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி ஓர் இடம் தேடினோம். தம்பிதான் கப்பலைச் சொன்னான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கியது பயணிகள் படகுச் சேவை. பஸ்ஸில் போவது மாதிரி, ஏறி இறங்குவதோடு சரி. நான் சொல்வது உல்லாசக் கப்பல். அங்கே கேபின்தான் உங்கள் அறை, கப்பல்தான் உங்கள் ஹோட்டல். இரவில் ஓடும், பகலில் ஏதாவது துறைமுகத்தில் நிற்கும், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். நம்மூரிலிருந்து போவதற்கு வசதியானது சிங்கப்பூர். கட்டுநாயக்காவிலிருந்து நேரடி விமானம், ஏறக்குறைய நான்கு மணிநேரம். சுற்றுலாவுக்குக் குறுகிய காலம் போகிற இலங்கையருக்கு விசாவும் தேவையில்லை.

திகதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கப்பல் நிறுவனங்கள் ஒரு வருடத்துக்கு மேலாகவே அடுத்த பருவத்துக்கான அட்டவணையைத் திறந்துவிடும். நம் பிள்ளைகளின் தவணை விடுமுறைச் சுற்றறிக்கை அதற்கு எவ்வளவோ பிறகுதான் வரும். வீட்டில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் எழுதுகிற பிள்ளை இருந்தால் அந்த வருடத்தை விட்டுவிடுங்கள். பரீட்சைத் திகதிகள் தள்ளிப்போய் நாம் பார்த்திருக்கிறோம். கப்பல் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

விலையைக் கூட்டுவது சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் விடுமுறை. ஜூன் மாதம், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரை, சீனப் புத்தாண்டு வாரம், இந்த மூன்றும் விலை ஏறும் காலம். நமக்கு ஓகஸ்டில் கிடைக்கும் விடுமுறையில் அங்கே பாடசாலை நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய தேசிய தினமான ஓகஸ்ட் 9ஐ ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டால் அந்த மாதம் நமக்குப் பொருந்தும்.

ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று இருக்கும். மலாக்கா நீரிணைக்குள் கடல் பெரும்பாலும் அமைதியாக இருந்தாலும் தாய்லாந்தின் புக்கெட் பக்கம் அலை எழும். அங்கே சில கப்பல்கள் கரையில் கட்டாமல் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும். அலை கூடினால் அந்த நிறுத்தமே ரத்தாகும். அலை இல்லாவிட்டாலும் ஆடுகிற படகில் கால் வைத்து இறங்க வயதானவர்களுக்குக் கஷ்டம். ஆகவே ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல் கரையில் கட்டுமா, படகில் இறக்குவார்களா என்று புக் பண்ணும்போதே கேளுங்கள். நாங்கள் கேட்டோம். அதனால்தான் புக்கெட் அன்று அம்மாவும் சித்தியும் இறங்க மாட்டார்கள் என்று முதலிலேயே முடிவெடுத்து, அவர்களோடு யார் இருப்பது என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம்.

டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்

இந்த இடத்தில்தான் நமக்கு அதிக நாள் போகும். ஒரு மேசையில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பரப்பி வைத்து, முடியும் திகதியைப் பாருங்கள். பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேலும் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம் கிடைத்தாலும் சின்னப் பிள்ளைகளுடையது பொதுவாகச் சீக்கிரம் முடிந்துவிடும். பெற்றோருக்கு எல்லாம் சரியாக இருந்து, பிள்ளையின் பாஸ்போர்ட்டில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள்தான் அதிகம்.

புதிதாக எடுக்கவேண்டும் என்றால் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போகத் தேவையில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஒன்லைனில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கிற முறையும் 2023இல் வந்தது. படத்தை அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். 2024இல் நாடு முழுக்கப் பாஸ்போர்ட்டுக்குத் தட்டுப்பாடு வந்து ஆட்கள் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். அது ஞாபகம் இருக்கிறவர்கள் இதைக் கடைசி மாதத்துக்கு வைக்கமாட்டார்கள்.

தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் சிலருக்குப் பிறப்புப் பதிவே இருக்காது. அவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ், அப்புறம் அடையாள அட்டை, அதன்பிறகு பாஸ்போர்ட் என்று படிப்படியாகப் போகவேண்டும். ஒரு வருடம் முன்பே தொடங்கச் சொல்வது பெரிதும் இவர்களுக்காகத்தான்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் பத்திரங்களில் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருக்கும். பிறப்புப் பத்திரத்தைப் பதிவாளர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அடையாள அட்டையில் வேறு மாதிரி, பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரி. எங்களுக்குப் புக் பண்ணித் தந்த முகவர் அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைத் தானாக ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் அம்மாவின் அப்பா பெயர் ‘எச்’ எழுத்தோடு முடியும், புக்கிங்கில் அந்த ‘எச்’ இல்லை. ஓர் எழுத்துதானே என்று நானும் இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். திருத்தச் சொன்னபோது கப்பலில் உடனே மாற்றினார்கள், விமான டிக்கெட்டில் மாற்றக் கட்டணம் கட்டவேண்டி வந்தது. முற்பணம் கட்டிய அன்று வரும் உறுதிப்பத்திரத்தைப் பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள். வீட்டில் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. பிறந்த திகதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தமிழ்நாட்டு உறவினர்கள் சேர்ந்து வருவதானால் அவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கலாம். சித்தியினுடையது அப்படித்தான் இருந்தது. கப்பலின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. எப்படி நிரப்புவது என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு, விமான டிக்கெட்டிலும் அதற்குப் பொருந்துகிற மாதிரிப் போடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கட்டும். அப்பாவோ அம்மாவோ கூட வராவிட்டால், வராதவருடைய சம்மதக் கடிதத்தைச் சட்டத்தரணி முன்னிலையில் எழுதி வாங்குங்கள்.

கேபின்: முன்கூட்டிப் போடுவதன் முழுப் பயனும் இங்கேதான்

கப்பலில் இடம் இருக்கிறது என்பதும் உங்கள் குடும்பத்துக்கு இடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. பெரும்பாலான கேபின்கள் இரண்டு பேருக்கானவை. மூன்று, நான்கு பேர் படுக்கக்கூடியவை குறைவு, அவைதான் முதலில் முடியும். இன்னொரு காரணமும் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர் என்று உயிர்காப்புப் படகில் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் கணக்கு நிறைந்துவிட்டால் கேபினில் மேல் கட்டில் சும்மா கிடந்தாலும் மூன்றாவது ஆளை ஏற்றமாட்டார்கள். நாங்கள் முதலில் பார்த்த திகதியில் கேபின்கள் தாராளமாக இருந்தன, நான்கு பேருக்கானது ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் தள்ளிப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

விலை இரண்டு பேர் கணக்கில்தான் போடப்படும். அதே கேபினில் சேரும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறையும். ஒருவர் தனியாக ஒரு கேபின் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்கான காசைக் கேட்பார்கள். அம்மாவுக்குத் தனிக் கேபின் எடுக்கலாம் என்று நினைத்த நாங்கள், அம்மா, சித்தி, சித்தி மகள் மூன்று பேரையும் ஒரே கேபினில் போட்டோம். அம்மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எந்தக் கேபின் எடுப்பது? ஜன்னல் இல்லாத உட்பக்கக் கேபின் மலிவு. பிள்ளைகளுக்கு அது போதும், பகலில் யாரும் அறைக்குள் இருக்கப் போவதில்லை. வயதானவர்களுக்குப் பால்கனி எடுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டு மூத்தவர்கள் இரண்டு பேரும் பால்கனியில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்கள். வாந்தி வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மூன்றாவது, நான்காவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் ஏணிக் கட்டிலா, விரிக்கிற சோபாவா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். மூன்று பேரில் ஒருவர் ஏணி ஏறித்தான் படுக்கவேண்டும் என்றால் அது யார் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

‘பக்கத்துப் பக்கத்துக் கேபின்’ என்றால் உள்ளே கதவு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உள்கதவு உள்ள சோடிக் கேபின்கள் தனி வகை, எண்ணிக்கையும் குறைவு. சக்கர நாற்காலி நுழைகிற அகலக் கதவுக் கேபின்கள் அதைவிடக் குறைவு. இவற்றில் எது தேவை என்றாலும் அட்டவணை திறந்த மாதமே போடவேண்டும். கேபின் எண்ணைத் தராமல் ‘பிறகு ஒதுக்குவோம்’ என்று மலிவாகத் தருவதும் உண்டு. இளம் தம்பதிகளுக்கு அது சரி. பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு வேண்டாம், ஆளுக்கொரு தளத்தில் போட்டுவிடுவார்கள்.

கைக்குழந்தை இருந்தால் குறைந்த வயது பொதுவாக ஆறு மாதம். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24ஆவது வாரத்துக்குப் பிறகு ஏற்றுவதில்லை, அதைப் பயணம் முடியும் நாளை வைத்தே எண்ணுவார்கள். ஒரு வருடம் முன்பு புக் பண்ணும்போது இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பணம்

விளம்பரத்தில் உள்ள விலையோடு துறைமுகக் கட்டணம், வரி, அப்புறம் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பணியாளர்களுக்கான டிப்ஸ் சேரும். பதினொரு பேருக்கு, நான்கு இரவுக்கு என்று பெருக்கிப் பாருங்கள், அதுவே ஒரு தொகை. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

முன்கூட்டிப் போடும்போது முழுப்பணமும் கட்டத் தேவையில்லை. முற்பணம் கட்டினால் கேபின் உங்களுடையது. மீதியைப் பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போது கட்டவேண்டும். முற்பணத்தில் திருப்பித் தருவது, தராதது என்று இரண்டு வகை உண்டு. தராததுக்கு விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் திருப்பித் தருவதையே எடுங்கள். மீதிப்பணத்துக்கான கடைசித் திகதி தாண்டிய பிறகு பயணத்தை ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்கக் கூடுதலாகப் பிடிப்பார்கள், கடைசி நாட்களில் ஒன்றுமே கிடைக்காது. அந்தத் திகதியைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டு வையுங்கள். அதற்கு முன்பு அதே கேபினின் விலை இறங்கியிருந்தால் குறைந்த விலைக்கு மாற்றித் தருகிற நிறுவனங்களும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

நமக்கு இன்னொரு கவலை டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360 ரூபா வரை போனது. அந்த நேரத்தில் 1000 டொலர் மீதி வைத்திருந்த குடும்பம் 2 இலட்சத்துக்குப் பதிலாக 3 இலட்சத்து 60 ஆயிரம் தேடியிருக்கும். ஆகவே மீதியை ரூபாவில் கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம், மேலே கொஞ்சம் சேர்த்தே சேமியுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் இருந்தால் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் அப்படியே விட்டுவைக்கலாம். அட்டையில் கட்டுவதென்றால் வங்கி எவ்வளவு மேலதிகமாகப் பிடிக்கும் என்று கேளுங்கள். உள்ளூர் டெபிட் அட்டை கப்பலில் வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கப்பலுக்குள் காசு புழங்காது, எல்லாம் அறைச் சாவி அட்டையில்தான் ஏறும். கடைசி நாள் அதைத் தீர்க்கவேண்டும்.

பயணக் காப்புறுதியை முற்பணம் கட்டிய கையோடு எடுங்கள். கப்பலில் டொக்டர் இருப்பார், பில்லும் பெரிதாக இருக்கும். அம்மாவுக்கு நீரிழிவு. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட்டோம்.

விசாவும் கடைசி மாதங்களும்

கப்பல் தொடுகிற ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். நான் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருப்பேன் என்று சொன்னாலும் விசா இல்லாவிட்டால் சிங்கப்பூரிலேயே ஏற்றாமல் விடக்கூடும். பினாங்கு போகும் கப்பல் என்றால் மலேசிய விசா, அதை ஒன்லைனில் எடுக்கலாம். தாய்லாந்தின் விதி அண்மை வருடங்களில் மாறிமாறி வந்திருப்பதால் புக் பண்ணும்போது ஒருமுறையும் போகும் முன் ஒருமுறையும் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அதுவும் பல தடவை நுழையும் விசாவாக. கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஒன்லைனில் நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கிற இணையத்தளத்தை உடனே மூடிவிடுங்கள். கப்பலிலிருந்து திரும்பி இறங்கும்போது இன்னொரு தடவை நிரப்பவேண்டும்.

மரக்கறிச் சாப்பாடு, நீரிழிவுச் சாப்பாடு எல்லாம் புக்கிங்கிலேயே பதியலாம். சோறும் பருப்பும் கிடைக்கும். நம் வாய்க்குச் சம்பல் இல்லாமல் நான்கு நாள் போகாது என்றால் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் இறக்கும்போது சுங்கத்தின் விதி வேறு. மின்கேத்தல், அயன்பெட்டி இரண்டும் கப்பலில் கூடாது, சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்காக ஒரு பிளாஸ்க் கொண்டுபோங்கள். ஸ்வெட்டரும் வேண்டும். வெளியே வெயில் என்றாலும் உள்ளே நுவரெலியாக் குளிர்தான்.

மலையிலிருந்து இறங்குவது

கப்பல் புறப்படும் நாளில் சிங்கப்பூரில் இறங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஒரு நாள் முன்பே அங்கே இருக்கவேண்டும், அதற்கு முந்திய நாளே நீர்கொழும்புப் பக்கம் வந்துவிட வேண்டும். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வேனில் ஐந்தாறு மணிநேரம் என்பது பாதை ஒழுங்காக இருக்கும் நாளில். கினிகத்தேனையிலோ கடுகண்ணாவையிலோ மண் சரிந்தால் கணக்கு வேறு. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலில் பாதையும் ரயில்பாதையும் உடைந்து மலையகம் துண்டாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பலின் வாசல் புறப்படுவதற்கு ஒன்றரை மணிநேரம் வரை முன்பே மூடிவிடும், பிந்தியவர்களுக்குப் பணமும் திரும்பாது.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் கொடுத்தால் மாலையில்தான் கேபினுக்கு வரும். மருந்து, இன்சுலின், பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடுப்பு எல்லாம் தோள் பையில் இருக்கட்டும். ஏறியதும் அவசரகாலப் பயிற்சி. ஆபத்தில் எங்கே கூடவேண்டும் என்று காட்டுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் கடலில் செய்மதி வழியாக இணைந்து பெரிய பில் வரும். புக்கெட்டின் நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணிநேரம் பின்னால். கரைக்குப் போகும்போது கப்பலின் நேரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று ஒருவர் கையில் இருக்கட்டும்.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் அவை கரையில் இருக்கும். அடுத்த நாள் உடுப்பு, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். சித்தி செருப்பையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார், காலையில் அம்மாவின் மேலதிகச் சோடியைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். திரும்பும் விமானத்தை அன்று மதியத்துக்கு முன் போடாதீர்கள், இறங்கவே நேரமாகும். நாங்கள் கட்டுநாயக்காவுக்கும் கோயம்புத்தூருக்கும் இரவு விமானமாகப் பார்த்துப் போட்டிருந்தோம். காலையிலிருந்து இருட்டும் வரை அக்காவும் தங்கச்சியும் விமான நிலையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போதும் சித்தி அந்தச் செருப்பைக் கழற்றவில்லை.